அம்மாவுக்கு நான் எழுதிய சட்டம்

பதின்மூன்று வயதில் நான் என் அம்மாவுக்குச் சட்டம் எழுதினேன். கணக்குக் கொப்பியில் கிழித்த கட்டத்தாளில், பச்சைப் பேனையால், தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். அதற்காக இன்றுவரை என்னை எவரும் ஒரு வார்த்தை ஏசியதில்லை. ஏசியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

அம்மாவின் பெயர் தவமலர். ஊரில் எல்லோருக்கும் தவா. ஊர் என்று நான் சொல்வது ஸ்கார்விக்கை. நோர்வேயின் வடக்கு முனையில், ஒரு மீன் ஆலையையும் ஒரு தேவாலயத்தையும் நம்பி இருக்கிற ஊர். அப்பா குகநேசன் எண்பத்தேழில் அங்கே போய் ஆலையில் சேர்ந்தார். அவரைக் கலியாணம் முடிக்க எண்பத்தொன்பதில் வந்திறங்கிய அம்மா, இரண்டாம் கிழமையே அதே ஆலையில் கத்தி பிடித்தார். கீழிருந்து வெளிச்சம் அடிக்கிற மேசையில் மீன் துண்டை வைத்து, முள்ளும் புழுவும் பார்த்து எடுக்கிற வேலை. பத்துப் பேர் நிற்கிற வரிசையில் அம்மாவின் துண்டுகளை மேற்பார்வைக்காரர் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. "தவா, நீ இப்பிடி வேலை செய்தா எங்களை வீட்டை அனுப்பிப்போடுவாங்கள். கொஞ்சம் முள்ளை விட்டுவை" என்று பக்கத்தில் நிற்கிற பெண்கள் பகிடி விடுவார்களாம்.

வேலையில் இவ்வளவு கணக்காக இருந்தவருக்குச் சமையலில் மட்டும் கணக்குத் தெரியாது. மூன்று பேருக்குச் சமைக்கத் தொடங்கினால் பத்துப் பேருக்கு வந்து நிற்கும். மிச்சத்தை வைத்துச் சாப்பிடுகிற பழக்கமும் இல்லை. தட்டில் போட்டு, மேலே வெள்ளித்தாள் மூடி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்தத் தட்டு அதிகம் போன வீடு ஹால்வாருடையது. எங்கள் வீட்டுக்கு அடுத்த மஞ்சள் வீடு, முப்பது அடி தூரம். ஹால்வார் பனி வழிக்கிற வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். கலியாணம் செய்யவில்லை. ஒரு நாளைக்கு இருபது சொல்லுக்கு மேல் செலவழிக்க மாட்டார். அம்மா வந்த முதல் மாரியில், ஒருவரும் கேட்காமலே எங்கள் வாசல் பனியையும் வழித்துவிட்டிருக்கிறார். அன்று பின்னேரம் அம்மா மீன் ரோல்ஸ் கொண்டு போய், கதவைத் தட்டாமல் திறந்து, நேராக அவருடைய குசினிக்குள் போய் நின்றாராம். ஹால்வார் இன்னொரு கோப்பையை எடுத்துக் கோப்பி ஊற்றினார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. அரை மணித்தியாலம் இருந்து குடித்துவிட்டு அம்மா வீட்டுக்கு வந்தார்.

"அந்த மனுசன் என்னை ஆர் எண்டுகூடக் கேக்கேல்லை" என்று அப்பாவிடம் சொன்னாராம். "நல்ல ஆள்."

தனக்குத் தெரியாமலே அம்மா சரியாகத்தான் செய்திருந்தார். அந்தப் பக்கத்தில் கதவைப் பூட்டுவதுமில்லை, தட்டுவதுமில்லை. வெளியே போகிறவர்கள் விளக்குமாற்றைக் கதவுக்குக் குறுக்கே சாத்திவிட்டுப் போவார்கள். விளக்குமாறு குறுக்கே நின்றால் வீட்டில் ஆளில்லை, நிற்காவிட்டால் உள்ளே போகலாம். "எங்கட ஊரில ஆமைப்பூட்டு, இஞ்சை தும்புத்தடி" என்று அம்மா சிரிப்பார். அடுத்த கிழமையே எங்கள் வாசலுக்கும் ஒன்று வாங்கிவிட்டார்.

அம்மாவுக்கு ஹால்வாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராது. நோர்வேஜிய மொழியில் அரசனுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் ஒரே 'நீ' தான், அதனால் நேரில் தப்பித்துக்கொள்வார். வீட்டில் மட்டும் "ஹால்வார் அண்ணை" என்பார். நான் அதைக் கேட்டுச் சிரித்தபடிதான் வளர்ந்தேன். சிரிப்பு எப்போது கூச்சமானது என்று எனக்குச் சரியாக நினைவிருக்கிறது.

ஏழாம் வகுப்பு முடிகிற நேரம் ஊருக்குப் புதிதாக ஒரு பல்வைத்தியர் வந்தார். ஒஸ்லோக்காரி. அவருடைய மகள் சில்யே என் வகுப்பில் சேர்ந்தாள். அவளுடைய சட்டை, அவளுடைய தலைமயிர், அவள் 'ர்' உச்சரிக்கிற விதம் எல்லாமே எனக்கு வேண்டியிருந்தது. எப்படியோ அவளுடைய சிநேகிதியானேன். அது தெரிந்ததும் அம்மா என்ன செய்வார்? ஒரு சனிக்கிழமை காலை பதினைந்து ரோல்ஸ் தட்டில் அடுக்கிக்கொண்டு அவர்களுடைய வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார். பல்வைத்தியர் குளித்துவிட்டுத் துவாயோடு மாடியிலிருந்து இறங்கி வர, கூடத்தின் நடுவில் என் அம்மா சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

திங்கட்கிழமை சில்யே கேட்டாள்: "உன்ர அம்மாவுக்கு ஏதும் பிரச்சினையோ? எங்கட அம்மா நல்லாப் பயந்துபோனா. சொல்லாமல் ஒருத்தரும் வீட்டுக்குள்ள வரமாட்டினம் எல்லோ?"

அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டாள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. அன்று பின்னேரம்தான் பச்சைப் பேனையை எடுத்தேன்.

சொல்லாமல் ஒருவர் வீட்டுக்கும் போகக்கூடாது என்று எழுதினேன். முதலில் போனில் செய்தி அனுப்ப வேண்டும். பதில் வந்தால் போகலாம். பதில் வராவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். கேட்காமல் சாப்பாடு கொண்டு போகக்கூடாது. சம்பளம் என்ன, ஏன் பிள்ளை இல்லை என்று விசாரிக்கக்கூடாது. பஸ்ஸில் பக்கத்து இருக்கை ஆளோடு கதைக்கக்கூடாது. இப்படிப் பன்னிரண்டு. இவற்றில் பாதி சில்யே சொன்னவை, மீதி நான் பயத்தில் சேர்த்தவை.

அப்பா வாசித்துவிட்டு, "பிள்ளை சொல்லுறதில ஞாயம் இருக்கப்பா. அவள் இஞ்சை படிக்கிறவள், அவளுக்குத்தான் தெரியும்" என்றார்.

அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்று முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். கோபிக்கவில்லை. மீன் துண்டைப் பார்க்கிற அதே கவனம். "இவ்வளவு நாளும் பிழையாச் செய்துகொண்டு திரிஞ்சிருக்கிறன்" என்றார். "முந்தியே சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

அம்மாவைவிட நல்ல மாணவியை நான் கண்டதில்லை. சின்ன நொக்கியா ஒன்று வாங்கினார். எழுத்து எழுத்தாகத் தேடி அழுத்தி, "நான் வரலாமா, 5 மணி?" என்று நோர்வேஜிய மொழியில் அனுப்பப் பழகினார். ஊர் முழுக்க அனுப்பினார். அனேகமானவர்கள் பதில் போடவில்லை. எப்போதும் நேரே வீட்டுக்குள் வருகிறவர் இப்போது எதற்குக் கேட்கிறார் என்று அவர்களுக்கு விளங்கியிருக்காது. அம்மாவுக்கு விளங்கிய அர்த்தம் சட்டத்தில் இருந்தது. தட்டுகள் வீட்டிலேயே தங்கின. நாங்கள் மூன்று நாள் ஒரே குழம்பைச் சாப்பிடப் பழகினோம்.

ஹால்வார் ஒரு நாள் வேலியருகே நின்று போனை நீட்டிக் காட்டினார். "தவா, இது என்ன? நீ வரலாமோ எண்டு இந்தச் சாமான் கேக்குது. உனக்குக் கதவு எங்கை இருக்கெண்டு தெரியும்தானே?"

அவருக்கு அது ஒரு பெரிய பேச்சு. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தமிழில் சொன்னேன்: "சும்மா மரியாதைக்குச் சொல்லுறார் அம்மா. நம்பிப் போகாதேங்கோ."

சூரியன் நவம்பர் கடைசியில் போனது, எங்கள் பக்கத்தில் இனி ஜனவரி கடைசியில்தான் உதிக்கும். ஜனவரி இரண்டாம் கிழமை மூன்று நாள் விடாத பனிப்புயல். செவ்வாய்க்கிழமை அம்மா ஹால்வாருக்குச் செய்தி அனுப்பினார். பதில் இல்லை. புதன்கிழமை பின்னேரம் ஆலையால் வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமல் குசினி ஜன்னலருகே நின்றார். அப்பாவுக்குப் பின்னேர வேலை, நானும் அம்மாவும்தான் வீட்டில்.

"ஹால்வார் அண்ணை படியில பனி வழிக்கேல்லை, பிள்ளை. ரெண்டு நாளாக் கிடக்கு."

"அல்தாவில இருக்கிற தன்ரை தங்கச்சி வீட்டை போயிருப்பார்."

"போனா விளக்குமாறு குறுக்கே நிக்கும். மூலையிலதான் நிக்குது, பார்."

"அம்மா, அதெல்லாம் பழைய ஆக்களின்ரை கதை. மெசேஜுக்குப் பதில் போட்டவரோ?"

"இல்லை."

"அப்ப தனியா இருக்க விருப்பமாக்கும். எல்லாருக்கும் அப்பிடி நாள் வரும்."

அம்மா தட்டில் ரோல்ஸ் எடுத்து மூடினார். "கதவடியில வைச்சிட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால்வரை பனி. அம்மா அதில் கால் புதையப் புதைய ஏறிப் படியில் நின்றார். வாசல் விளக்கின் கீழே அவருடைய முதுகு தெரிந்தது. ஒரு கையில் தட்டு. மற்றக் கை கைபிடியை நோக்கிப் போய் அதற்குக் கிட்ட நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு நீண்ட நேரமாகத் தோன்றியது. பிறகு கையை எடுத்துக்கொண்டு, தட்டையும் வைக்காமல் திரும்பி வந்தார். கேட்காமல் சாப்பாடு கொண்டு போகக்கூடாது என்பதும் சட்டத்தில் இருந்ததே.

எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. என் அம்மா கடைசியில் ஒரு நோர்வேக்காரியைப்போல நடந்துகொண்டார் என்று சந்தோசப்பட்டேன். திரும்பி வந்த ரோல்ஸில் மூன்றைத் தின்றேன்.

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, கோப்பி இடைவேளையில் அம்மா ஒருவரிடமும் சொல்லாமல் வரிசையை விட்டு இறங்கினார். வெள்ளை றப்பர் சப்பாத்து, நீல ஏப்ரன், தலையில் வலை, எல்லாம் போட்டபடியே ஓடினார். நேராகப் போய்க் கதவைத் திறந்தார். ஹால்வார் மாடிப்படியின் அடியில் கிடந்தார். செவ்வாய்க்கிழமை காலை விழுந்தவர். இடுப்பு முறிந்து, இடது கால் மடங்கி உடம்பின் கீழே அகப்பட்டிருந்தது. அடுப்பு அணைந்து வீடு விறைத்துக்கிடந்தது. உயிர் இருந்தது.

நகரத்து ஆஸ்பத்திரியில் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஒரு நாள் முந்தியென்றால் கால் தப்பியிருக்கும் என்று வைத்தியர் அவருடைய தங்கைக்குச் சொன்னாராம். தங்கை அதை நன்றியோடு எங்களுக்குச் சொன்னார். "நீ போயிருக்காட்டி உயிரே போயிருக்கும், தவா" என்று அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். அம்மா மரக்கட்டையாக நின்றார்.

ஆலையில் அம்மாவின் பெயர் எழுதிய கேக் வெட்டினார்கள். பல்லுக் குத்துகிறது என்று சொல்லி அம்மா ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. பல்வைத்தியரே வந்து கைகொடுத்து, நாங்களெல்லாம் உங்களிடம்தான் படிக்க வேண்டும் என்றார். அப்பா அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். புதன்கிழமை நடந்தது அவருக்குத் தெரியாது. எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். நாங்கள் அதைப்பற்றி ஒரு சொல் பேசவில்லை. சட்டம் குளிர்சாதனப் பெட்டியில் அப்படியே இருந்தது. பால் எடுக்க நான் அந்தக் கதவைத் திறக்கிறபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன்.

மார்ச் மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஹால்வார் மெலிந்திருந்தார், ஆனால் அந்த இருபது சொல்லைவிட அதிகம் பேசினார். தனியாகக் கிடந்தவருக்குப் பேச்சு சேர்ந்துபோயிருந்தது.

"ஒண்டு கேக்கவேணும்" என்றார். "புதன்கிழமை ஆரோ வந்தது. பனியில நடக்கிற சத்தம் கேட்டுது. படியில ஏறிச்சுது. கூப்பிட்டுப் பாத்தன், சத்தம் வரேல்லை. கதவுக்கு அங்கால நிண்டுது, பிறகு போட்டுது. ஆர் எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

அம்மா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "பேப்பர் போடுற ஆளாயிருக்கும்" என்று மிக நல்ல நோர்வேஜிய மொழியில் சொன்னேன். "புயலில எல்லா வீட்டுக்கும் பிந்தித்தான் போட்டவை."

ஹால்வார் தலையை ஆட்டினார். நம்பினாரா தெரியாது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா கேட்டார். "ஏன் பொய் சொன்னனீ?"

"உங்களுக்காண்டித்தான்."

"எனக்காண்டியோ?" என்றுமட்டும் கேட்டார். பிறகு முழு வழியும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மே மாதம் ஹால்வாரை ஊர் முதியோர் இல்லத்துக்குக் கொண்டுவந்தார்கள். மஞ்சள் வீட்டின் படிகளை ஒற்றைக் காலால் ஏற முடியாது என்பதால் வீட்டை விற்கப் போட்டாயிற்று. அம்மா ரோல்ஸ் பொரித்தார். செய்தி அனுப்பவில்லை. "நீயும் வா" என்றார். நான் போனேன்.

அம்மா தட்டை ஹால்வாரின் மடியில் வைத்தார். உட்காரவில்லை. தன்னுடைய உடைந்த நோர்வேஜிய மொழியில் சொன்னார்: "அந்தப் புதன்கிழமை. கதவடியில. நான்தான்."

ஹால்வார் நிமிர்ந்து பார்த்தார். "நீயோ" என்றார். பிறகு, "கதவு பூட்டியிருக்கேல்லையே, தவா" என்றார். கோபமில்லை. விளங்காமல் கேட்கிற குரல். "விளக்குமாறும் சாத்தியிருக்கேல்லை."

"ஓம். கண்டனான்."

"பிறகேன் போனனீ?"

நான் ஜன்னலருகே ஜக்கெற்றைக் கழற்றாமல் நின்றேன். எங்கள் இரண்டு பேரில் அந்த மொழி நன்றாகத் தெரிந்தவள் நான். ஒரே ஒரு வசனம் போதும். நான்தான் போக வேண்டாம் என்று சொன்னேன், என்று. அம்மா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் ஹால்வாரும் என்னைப் பார்ப்பார் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

"எனக்குப் பயமாக் கிடந்தது" என்றார் அம்மா. "நான் ஒரு விசரி."

என் அம்மா யாருடைய கதவுக்கும் பயந்தவரல்ல. நான் வாயைத் திறக்கவில்லை.

ஹால்வார் வெள்ளித்தாளை விலக்கி ஒரு ரோல்ஸ் எடுத்துக் கடித்தார். மென்று விழுங்கிவிட்டு, "உறைப்புக் குறைஞ்சுபோச்சு" என்றார். அம்மா கதிரையில் உட்கார்ந்து, ஜனவரியிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுதார். ஹால்வார் மன்னித்தது அம்மாவை. செய்தவள் ஜன்னலருகே நின்றிருந்தாள் என்று அவருக்குத் தெரியாது. ஆறு வருடம் கழித்து அவர் செத்தபோதும் தெரியாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் கிழிச்சனீ? அது எனக்குப் பாடம்" என்றார்.

ஆனால் ஊருக்கு அவர் அதைப் பயன்படுத்தவில்லை. மறுநாளே பழையபடி எல்லா வீட்டுக்குள்ளும் தட்டோடு நுழையத் தொடங்கினார். பல்வைத்தியரின் வீட்டுக்குள்ளும்தான். அந்தப் பெண் இந்தத் தடவை கோப்பி ஊற்றினாராம். இப்போது அம்மாவும் அப்பாவும் ஒஸ்லோவில் என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்பு தள்ளி இருக்கிறார்கள். அங்கேயும் மாடி மாடியாக அம்மாவின் தட்டு போகிறது. பாகிஸ்தான்காரர், சோமாலியர், தனியே இருக்கிற நோர்வேக் கிழவர், ஒருவர் வீட்டையும் அவர் தட்டிவிட்டு நுழைவதில்லை.

என் வீட்டுக்கு மட்டும் செய்தி வரும். "நான் வரலாமா, 5 மணி?" இருபது வருடமாக அதே வசனம். என் வாசல் பூட்டின் திறப்பு ஒன்று அவரிடம் இருக்கிறது. கேட்காமல் திறந்துகொண்டு வாங்கோ என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஓம் ஓம் என்பார். அடுத்த முறையும் செய்தி வரும்.

போன பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, போனை மாடியில் சார்ஜில் விட்டுவிட்டுக் கீழே துணி மடித்துக்கொண்டிருந்தேன். குப்பை கொண்டுபோகக் கதவைத் திறந்தபோது அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு. வெள்ளித்தாளின்மேல் ஒரு விரல் உயரத்துக்குப் பனி.

"எவ்வளவு நேரமா இருக்கிறியள், அம்மா?"

"இப்பதான்."

"கதவு பூட்டேல்லையே. திறந்துதான் கிடந்தது."

"தெரியும், பிள்ளை. கைபிடியில கை வைச்சுப் பாத்தனான்." எழும்பக் கை நீட்டினார். கை விறைத்திருந்தது. "நீ பதில் போடேல்லை. பதில் வராட்டி வேண்டாம் எண்டுதானே. திரும்பிப் போகத்தான் வெளிக்கிட்டன். பிறகு ஹால்வார் அண்ணையை நினைச்சுப்போட்டு, போகாமல் இதில இருந்திட்டன்."